ஈர உப்பு

மரக்காணம் உப்பளத்துக்கு உப்பு வாங்க வருகிற வியாபாரிகளைக் கவனித்திருக்கிறேன். கிளியனூரிலிருந்து சின்ன வயதில் அப்பாவோடு போன காலத்திலிருந்தே. குவியல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதைப் பார்த்து மயங்க மாட்டார்கள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார்கள். ஈர உப்பு எடை கூடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விஞ்ஞானிகள் விஷயத்தில் நாம் குவியலைப் பார்த்தே விலை பேசிவிடுகிறோம்.

அஜயன் வினுவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காரர். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நுண்துளைப் பொருட்களை ஆராய்கிறார். இப்படிப்பட்டவரை நம்ம ஊர் மேடையில் எப்படி அறிமுகப்படுத்துகிறோம்? இத்தனை நூறு கட்டுரை, இத்தனை ஆயிரம் மேற்கோள், எச்-இன்டெக்ஸ் இவ்வளவு. கைதட்டல். சரி, மனுஷன் என்னதான் செஞ்சார்? அதைச் சொல்ல யாருக்கும் ஒரு நிமிஷம் இல்லை.

நான் சொல்கிறேன். 2005இல் ஜப்பானில் அவரும் சகாக்களும் ஒழுங்கான அறுகோணத் துளைகள் கொண்ட கார்பன் நைட்ரைடைச் செய்தார்கள். ஏற்கெனவே துளைகள் உள்ள சிலிக்காவை அச்சாக எடுத்துக்கொண்டு, அந்தத் துளைகளுக்குள் எத்திலீன்டையமினையும் கார்பன் டெட்ராகுளோரைடையும் வினைபுரிய விட்டு, சூடேற்றி, கடைசியில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் சிலிக்காவைக் கரைத்துவிடுவது. அச்சு போய்விடும், அது இருந்த இடம் துளையாக நிற்கும். மெழுகை உருக்கி வெளியேற்றி சிலை வார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், நம்ம வேலைதானே என்று. இந்த அழகை விட்டுவிட்டு எண்களை வாசிப்பது அவருக்கே செய்கிற அவமரியாதை என்பேன். எண்கள் பொய் என்று சொல்லவில்லை. அவற்றை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு எதுவுமே தெரியாமல் போகிறது.

எச்-இன்டெக்ஸ் என்பதே 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்குதான். ஒருவருடைய 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 50 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 50. அவ்வளவே. இதனால் விபரீத விளைவுகள் வரலாம் என்று பின்னாளில் ஹிர்ஷே எழுதினார். பெற்றவரே சொல்லியும் நாம் கேட்கவில்லை.

இந்தத் துறையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு உலோக-கரிமச் சட்டகங்களுக்காக மூவருக்குக் கொடுக்கப்பட்டது: சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி. மெல்போர்னில் ராப்சன் 1974இல் வகுப்புக்காக மர உருண்டைகளில் துளை போட்டு மூலக்கூறு மாதிரிகள் செய்துகொண்டிருந்தபோது அந்த யோசனை முளைத்தது. அதைச் சோதித்துக் கட்டுரையாக்கியது 1989இல். இடையில் 15 வருஷம்! அந்த யோசனைக்கு அத்தனை வருஷமும் மேற்கோள் பூஜ்யம். இன்று நம் கல்லூரி ஒன்றில் அவர் இருந்திருந்தால் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த யோசனைக்குக் கட்டமே இருந்திருக்காது.

இன்னொன்று. ஒரு நுண்துளைப் பொருளின் பெருமையே அதன் பரப்பளவு எண்தான். ஒரு கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானம் என்பார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே அளந்து முடித்த 18 தரவுத்தொகுப்புகளை 61 ஆய்வகங்களுக்குக் கொடுத்து பரப்பளவைக் கணக்கிடச் சொன்னார்கள். தரவு ஒன்றே. வந்த விடைகளோ ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். துளையை அளக்கும் எண்ணுக்கே இந்தக் கதி என்றால், மனுஷனை அளக்கும் எண்ணை எந்தத் தைரியத்தில் சுவரில் மாட்டுகிறோம்?

"போட்டி உலகம் சார், வேறு வழி என்ன இருக்கு?" என்பவர்களுக்கு: முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இலேயே எடுத்துவிட்டது. ஆனால் தேசியத் தரவரிசையில் கட்டுரைக்கும் மேற்கோளுக்கும் மதிப்பெண் இருக்கிறதே, கல்லூரி விடுமா? ஆக, கயிறு அவிழ்ந்தும் மாடு அதே முளையைச் சுற்றுகிறது.

சுற்றுகிற மாடுகளில் ஒன்று என் அண்ணன் பையன். கல்லூரி பெயர் வேண்டாம். "கைடு அஞ்சு பேப்பர் கேக்கறாரு சித்தப்பா. அவரோட பேப்பர் எட்டையும் சைட் பண்ணணுமாம், சம்பந்தம் இருக்கோ இல்லியோ." ஒரே வேலையை மூன்றாக வெட்டி மூன்று இடத்துக்கு அனுப்பியிருக்கிறான். இரண்டு வந்துவிட்டது. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

போன ஐப்பசியில் திண்டிவனம் பஸ்ஸில் சேர்ந்து போனோம். வெளியே மழை. திடீரென்று சொன்னான்: அவன் செய்த பொருள் ஈரக்காற்றில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் திறந்து வைத்தால் சில நாளில் துளைகள் சரிந்துவிடுகின்றன. ஏழு மாசம் அதையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான், தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறான். கட்டுரையில் போட்ட பரப்பளவு, கோடையில் செய்த ஒரே ஒரு நல்ல மாதிரியுடையது.

"இதாண்டா நீ கண்டுபிடிச்சது. எந்தப் பேப்பர்ல இருக்கு?" என்றேன்.

"எதுலயும் இல்ல சித்தப்பா," என்றான். "இத எழுதினா யாரு சைட் பண்ணுவாங்க?"