குடிக்கும்போது கூட்டு, கழிக்கும்போது தனித்தனியா?

கருப்பாநதி அணையைத் திறக்கும்போதெல்லாம் செய்தியில் ஒரு பட்டியல் வரும். பெருங்கால், பாப்பான்கால், சீவலன்கால், இடைகால், கிளங்காடுகால், ஊர்மேலழகியான்கால். கடையநல்லூர் வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் காதில் இந்தப் பெயர்கள் விழாமல் இருந்திருக்காது. ஆறு வாய்க்கால், அதில் ஒன்று பாப்பான் பெயரில். சேரிக்கால் என்று ஒன்று பட்டியலில் கிடையாது. அதற்காகச் சேரிக்கு வாய்க்காலே வரவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வந்தது. வயலுக்குப் போகிற வாய்க்கால் அல்ல, ஊரின் சாக்கடை.

ஆற்றைக் காப்பாற்ற அதன் கரையில் இருக்கும் நகராட்சிகள் ஒன்று சேர வேண்டும் என்று சூழலியல் நண்பர்கள் சொல்கிறார்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். ஆனால் யார் யாரோடு சேர்வது, யாருக்காகச் சேர்வது என்பதைப் பேசாமல் 'ஒன்று சேர்வோம்' என்று மட்டும் சொன்னால், அது ஊரும் ஊரும் கைகுலுக்கிக்கொள்ளும் காரியமாக முடியும்.

முதலில் தண்ணீர் போகிற வழியைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் கருப்பாநதி 72 அடி அணையில் தேங்கி, கடையநல்லூர்ப் பக்கம் இறங்கி, மேக்கரை அடவிநயினார் அணையிலிருந்து வரும் அனுமன்நதியோடு சேர்கிறது. அனுமன்நதி வீரகேரளம்புதூரில் சிற்றாற்றில் கலக்கிறது. சிற்றாறு அதற்கு முன்பே குற்றாலத்தில் விழுந்து, செங்கோட்டைப் பக்கத்துக் குண்டாற்று நீரையும் வாங்கிக்கொண்டு, தென்காசியைக் கடந்து வந்திருக்கும். பிறகு நெல்லை மாவட்டத்துச் சீவலப்பேரியில் தாமிரபரணி. அங்கிருந்து தூத்துக்குடி மாவட்டம், புன்னைக்காயல், கடல். ஒரே நீர், மூன்று மாவட்டம். வழியில் எத்தனை நகராட்சி, எத்தனை பேரூராட்சி, எத்தனை ஊராட்சி! ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை, ஒரு மன்றம், ஒரு பட்ஜெட். தன் எல்லையைத் தாண்டி ஒரு முழம் போய்விட்டால் சாக்கடை அடுத்தவன் பிரச்சினை.

இந்த உள்ளாட்சிகளுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தாமிரபரணித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற பெயரில் குழாய் வழியாகச் சங்கரன்கோவில் வரை, விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் வரை போகிறது. சங்கரன்கோவில் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த ஊர். தாமிரபரணிப் படுகையே இல்லை. ஆனாலும் மலையும் மேடும் மாவட்ட எல்லையும் தாண்டிக் குழாய் போட முடிந்தது. நல்லது, தாகத்துக்குத் தண்ணீர் போகட்டும். ஆனால் 'கூட்டுக் கழிவுநீர்த் திட்டம்' என்ற சொல்லை நீங்கள் எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குடிக்கும்போது கூட்டு. கழிக்கும்போது அவரவர் தனித்தனி.

இது வெறும் நிர்வாகக் கோளாறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் அழுக்கு நமக்குக் கீழே இருப்பவரின் வேலை என்று இரண்டாயிரம் ஆண்டாகப் பழகிய சமூகம் இது. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அதனால் கடைசிப் படியைத் தவிர வேறு யாருக்கும் ஏணியை உடைக்கும் அவசரம் இல்லை. ஆற்றங்கரை நகரங்கள் அப்படியே அந்த ஏணியில் நிற்கின்றன. மேலூர்க்காரன் கழுவிவிட்டது தன் துறைக்கு வரும்போது இவனுக்குக் கோபம் வருகிறது. தான் கழுவிவிட்டது கீழூர்த் துறைக்குப் போகும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது? ஒவ்வொரு நகரத்துக்கு உள்ளேயும் இதே கதைதான். சாக்கடை எங்கே போய் முடிகிறது, குப்பைக் கிடங்கு யார் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் ஒரு நாள் நடந்து பாருங்கள்.

டீக்கடையில் இதைச் சொன்னால் உடனே ஒருவர் கேட்பார்: "தண்ணியிலயுமா ஜாதி பாக்குறீங்க?" ஐயா, நாங்களா பார்த்தோம்? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, பாதிக்கப்பட்ட அந்த மக்களில் மூவரையே குற்றவாளிகள் என்றது சிபிசிஐடி. அதே 2022 செப்டம்பரில் நம் தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர் 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொன்னதை நாடே வீடியோவில் பார்த்தது. மிட்டாயில் சாதி பார்க்கிற மாவட்டம் தண்ணீரில் மட்டும் பார்க்காமல் விட்டுவிடுமா?

இந்த ஆற்றின் புனிதத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 2018 அக்டோபரில் தாமிரபரணி மகாபுஷ்கரம் நடந்தது. 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்றார்கள். படித்துறைகள் சீரமைக்கப்பட்டன, ஆரத்தி எடுத்தார்கள், கூட்டம் கூட்டமாக வந்து முழுக்குப் போட்டார்கள். அதே 2018-இல்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தாமிரபரணி அதில் இருந்தது. 'புனித ஆற்றை இப்படி அசுத்தமாக்கலாமா?' என்று பக்தர்கள் வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. தன் உடம்பின் தீட்டைத் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்று நம்புகிறவன், தன் வீட்டுச் சாக்கடையையும் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்றுதான் நம்புவான். எங்கே கொண்டுபோகும், யாரிடம் கொண்டுபோகும் என்று புனிதம் ஒருநாளும் கேட்டதில்லை. முழுக்குப் போட்டவர்கள் அவிழ்த்துப் போட்ட துணியை ஆற்றிலிருந்து அள்ளுவது எந்தச் சாதி என்றும் அது கேட்பதில்லை. குற்றாலத்துக்கும் இதே நிலைதான். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சீசன் கூட்டம் போனபின் குனிந்து பொறுக்குகிறவர்களைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் ஒரு வரி பார்த்ததில்லை.

சரி, அரசு என்ன செய்தது? அந்த 351 பகுதிகளுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநிலந்தோறும் ஆறு மீட்புக் குழு அமைக்கச் சொன்னது. குழுவில் நான்கு பேர்: சுற்றுச்சூழல் இயக்குநர், நகர்ப்புற வளர்ச்சி இயக்குநர், தொழில் துறை இயக்குநர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பினர் செயலர். நால்வரும் அதிகாரிகள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர் இல்லை, ஒரு மீனவர் இல்லை, ஒரு தூய்மைப் பணியாளர் இல்லை. 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நெல்லைக்கு நேரிலேயே வந்து சாக்கடை ஆற்றில் கலக்கும் இடங்களைப் பார்த்தார்கள். வரவேற்க வேண்டிய செயல். ஆனால் நீதிபதி வந்து காட்டித்தான் தன் சாக்கடை எங்கே விழுகிறது என்று ஓர் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த ஊரின் மன்றம் எதற்கு?

வெளிநாட்டைப் பார் என்பவர்களுக்காக ஜெர்மனிக்கு ஒரு நடை போய்வரலாம். ரூர் வட்டாரத்தில் எம்ஷர் என்று ஓர் ஆறு. நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் பெருகிய காலத்தில் அது நாறிக் கிடந்தது. 1899-இல் அந்தக் கரையிலிருந்த நகராட்சிகளும் சுரங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. யார் எவ்வளவு கழிவு விடுகிறாரோ அதற்கேற்ப அவர் பணம் கட்ட வேண்டும். இன்றுவரை அந்த அமைப்பு இயங்குகிறது. 2021 கடைசியில் எம்ஷர் சாக்கடை கலக்காத ஆறானது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கதையின் நடுப்பகுதியை விட்டுவிட்டேன். அந்த வட்டாரம் பக்கத்திலிருந்த ரூர் ஆற்றைக் குடிநீருக்கு ஒதுக்கியது. எம்ஷரைக் கான்கிரீட் போட்டுத் திறந்த சாக்கடையாக்கியது. நூறு ஆண்டுக்கு மேல் அந்தச் சாக்கடையின் ஓரத்தில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்கள். அதையும் செய்தது ஒற்றுமையான, ஒழுங்கான, கணக்குச் சுத்தமான அதே கூட்டமைப்புதான். கூட்டு இருந்தது. எந்த ஆற்றை, எந்த மக்களைப் பலி கொடுப்பது என்பதையும் கூடியே முடிவு செய்தார்கள்.

நம் பக்கத்தில் நகராட்சியும் தண்ணீரும் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது மகாத். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924-இல் மகாத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தன் பங்குக்கும் தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டு அந்தத் தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். ஆதிக்கச் சாதியினர் அடித்தார்கள்; பிறகு பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். சாணியும் மூத்திரமும் கலந்தால் சுத்தம், மகர் கை பட்டால் அசுத்தம்! அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்பு வெல்ல 1937 ஆனது. உள்ளாட்சியின் நல்லெண்ணத்தை நம்பி நாம் ஏன் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் கையில் இருந்தன. ஆற்றை மாகாண எல்லையால் வெட்டக் கூடாது, படுகை முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்ற வாதம் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தில் அவர் முன்வைத்தது. 1948-இல் அது சட்டமானது. (அந்த அணைகளுக்காக நிலம் இழந்தவர்களில் சந்தால் பழங்குடிகள் ஏராளம் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும், நம் தலைவர் தொட்ட திட்டம் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை.) 1956-இல் ஆற்று வாரியச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது சட்டத் திருத்தம் இன்னொரு வழியைத் திறந்தது. அரசமைப்பின் 243இசட்டி பிரிவைப் படித்துப் பாருங்கள். மாவட்டத் திட்டக் குழு ஒன்று வேண்டும்; ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்; தண்ணீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வது, சுற்றுச்சூழலைக் காப்பது குறித்து அக்குழு திட்டம் தீட்ட வேண்டும் என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறது. இந்தக் குழுவுக்குத் தேர்தல்கூட நடக்கிறது. சிற்றாற்றைப் பற்றி அது என்ன திட்டம் தீட்டியது என்று உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள். அப்படி ஒரு குழு இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் அதுவே பெரிய சங்கதி.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கிய அரசமைப்பு, இந்தத் திட்டக் குழுவில் அதைக் கட்டாயமாக்கவில்லை. இடஒதுக்கீடு இருக்கும் இடத்திலேயே என்ன நடக்கிறது? அன்றைய நெல்லை மாவட்டத்து நக்கலமுத்தன்பட்டியில் ஊராட்சித் தலைவரான அருந்ததியர் ஜக்கையன், பொம்மையாக இருக்க மறுத்ததற்காக 2006 நவம்பரில் கொல்லப்பட்டார். இடஒதுக்கீடே இல்லாத மேசையில் நம் ஆட்களுக்கு நாற்காலி தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஆகவே என் கோரிக்கை நேரடியானது. தென்காசி, நெல்லை, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களின் உள்ளாட்சிகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் சிற்றாறு – தாமிரபரணிப் படுகை மன்றம் ஒன்று வேண்டும். கழிவு விடுகிற அளவுக்கு ஒவ்வோர் உள்ளாட்சியும் அதற்குப் பணம் கட்டட்டும். குற்றால சீசனில் கல்லா நிரப்பும் விடுதிகளும் கட்டட்டும். பணம் இல்லாத சிறு ஊராட்சிக்கு மாநில அரசு கொடுக்கட்டும். ஏழை ஊரைக் கசக்கி ஆற்றைக் கழுவ வேண்டாம். மன்றத்தில் தலித் உறுப்பினர்களுக்கும் புன்னைக்காயல் போன்ற கடைமடை ஊர்களுக்கும் சட்டப்படி இடம் வேண்டும், தூய்மைப் பணியாளர் சங்கங்களுக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். 'அவங்களுக்கு என்னங்க டெக்னிக்கலா தெரியும்?' என்பார்கள். எந்தக் கால்வாய் எங்கே அடைக்கும், எந்த வீட்டுக் குழாய் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் சொருகப்பட்டிருக்கிறது, எந்த லாரி இரவில் எங்கே மலக்கழிவைக் கொட்டுகிறது என்பது பொறியாளரின் வரைபடத்தில் இருக்காது. அதில் இறங்கியவருக்குத் தெரியும். இறங்கிச் செத்தால் 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏறுகிறது; உயிரோடு இருப்பவரின் சொல்லுக்கு மதிப்பு ஏறவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் வேலைக்காக 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அள்ளிக்கொண்டு போனது காவல்துறை. மாநகராட்சி வாசலில் உட்காரக்கூட விடாதவர்கள், மன்றத்துக்கு உள்ளே உட்காரவைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

தாமிரபரணிக்கு நினைவு உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேரணியாக வந்த மக்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. இந்த ஆற்றில்தான் 17 பேர் செத்தார்கள். குழந்தையும் அதில் ஒன்று. ஆற்றைப் புனிதம் என்றவர்கள் அன்று தீட்டு கழிக்க வரவில்லை.

இளைய தோழர்களே, அடுத்த மாதம் உங்கள் நகராட்சிக் கூட்டம் நடக்கும்போது பார்வையாளர் இடத்தில் போய் உட்காருங்கள். முடிந்தால் உங்கள் வார்டு உறுப்பினர் மூலம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: நம் ஊர்ச் சாக்கடை எந்த ஊருக்குப் போகிறது? 'ஆற்றுக்கு' என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊரின் பெயரைக் கேளுங்கள். அந்த ஊரில் எந்தத் தெருவுக்கு என்றும் கேளுங்கள்.