அரையிறுதிக் கணிப்பும் சூதாட்டத்தின் நிழலும்

ஒரு சுற்றுப்போட்டி அரையிறுதிக் கட்டத்தை எட்டிவிட்டால், வெல்லப்போவது யார் என்ற கேள்வி வீட்டு முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் அலுவலகத்திலும் ஒருங்கே எழுந்துவிடுகின்றது. பாடசாலை மாணவன் முதல் ஓய்வுபெற்ற அதிபர் வரை எல்லோரிடமும் ஒரு கணிப்பு இருக்கும். எல்லோருடைய கணிப்பும் பிழைத்துப்போகவும் இடமிருக்கும். எவருக்கும் தீங்கு விளைவிக்காத இப்பொழுதுபோக்கு எந்த இடத்தில் தீங்காக மாறுகின்றது என்பது இன்று நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாக் குன்றிலிருந்து அதிக தூரமில்லாத ரங்கிரி தம்புள்ளை மைதானம் 2024 ஜூலை மாதத்தில் இதற்கு நல்லதோர் உதாரணத்தைத் தந்தது. மகளிர் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் சுற்றுப்போட்டியின் இரு அரையிறுதி ஆட்டங்களும் அம்மாதம் 26 ஆம் திகதி அங்கு நடைபெற்றன. முதலாவது ஆட்டத்தில் இந்தியாவும் பங்களாதேஷும் மோதின. அதற்கு முன்னர் நடந்த எட்டுச் சுற்றுப்போட்டிகளில் ஏழில் கிண்ணத்தை வென்றிருந்த அணி இந்தியா. பழைய பதிவேட்டைப் புரட்டிய எவரும் அதன் பக்கமே நின்றிருப்பர். அக்கணிப்பு பிழைக்கவில்லை. பங்களாதேஷ் 20 ஓவர்களில் 8 விக்கெட்டுகளை இழந்து 80 ஓட்டங்களை மாத்திரமே பெற, இந்தியா 11 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றி வெற்றியை எட்டியது.

இரண்டாவது ஆட்டமோ கடைசி ஓவர் வரை எவரையும் முடிவு சொல்ல விடவில்லை. பாகிஸ்தான் 4 விக்கெட் இழப்புக்கு 140 ஓட்டங்களைப் பெற்றது. இலங்கை அணித் தலைவி சமரி அத்தபத்து 63 ஓட்டங்களைக் குவித்தும் மறுமுனையில் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்தன. ஈற்றில் ஒரேயொரு பந்து மீதமிருக்க, 3 விக்கெட்டுகளால் இலங்கை வென்றது. அந்த ஓவரில் ஒரு பந்து வேறு விதமாக அமைந்திருந்தால், பாகிஸ்தான் வெல்லும் என்று கூறியவர் மேதையாகவும் இலங்கை வெல்லும் என்று கூறியவர் அப்பாவியாகவும் காட்சியளித்திருப்பர். இருவரும் அறிந்திருந்த தகவல்கள் ஒன்றேயாகும்.

இரண்டு நாட்களின் பின்னர் நடந்த இறுதியாட்டத்தில் பதிவேடு முழுமையாகவே இலங்கைக்கு எதிராக இருந்தது. அதற்கு முன்னர் இலங்கை மகளிர் ஐந்து தடவைகள் இறுதியாட்டத்துக்கு வந்து, ஐந்திலும் இந்தியாவிடமே தோற்றிருந்தனர். 2022 இறுதியாட்டத்தில் அவர்கள் பெற்றது 65 ஓட்டங்கள் மாத்திரமே. ஆயினும் தம்புள்ளையில் 166 என்ற இலக்கை 2 விக்கெட்டுகளை மட்டும் இழந்து எட்டி, முதற்றடவையாக ஆசியக் கிண்ணத்தை அவர்கள் கைப்பற்றினர். ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காது 69 ஓட்டங்களைப் பெற்றார். நடந்து முடிந்தவற்றின் கணக்கே பதிவேடு. நடக்கவிருப்பதை அது குறிப்பாலுணர்த்தலாம், உறுதிப்படுத்த இயலாது.

இத்தகைய கணிப்பை ஒரு தேசியப் பொழுதுபோக்காகவே வளர்த்துக்கொண்ட நாடு ஐக்கிய அமெரிக்காவாகும். அங்கு ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தொடங்கும் கல்லூரிகளுக்கிடையிலான ஆடவர் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியில் 68 அணிகள் பங்கேற்கின்றன. அவை நான்கு பிராந்தியங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை வழங்கப்படுகின்றது. தோற்ற அணி உடனே வெளியேற வேண்டும். நான்கு பிராந்தியங்களிலும் வெல்பவை அரையிறுதிக்கு வருகின்றன. போட்டி ஆரம்பமாவதற்கு முன்னரே இலட்சக்கணக்கான மக்கள் அட்டவணையொன்றை நிரப்பி, இறுதி வரையிலான வெற்றியாளர்களைக் குறித்துக்கொள்கின்றனர். பூர்வாங்க ஆட்டங்கள் நீங்கலாக 63 ஆட்டங்கள் உள்ளன. இவற்றின் முடிவுகள் அமையக்கூடிய விதங்களைக் கணக்கிட்டால் 9 க்குப் பின்னால் 18 இலக்கங்கள் வருகின்றன. முழுவதும் சரியாக நிரப்பப்பட்ட அட்டவணை எதுவும் உறுதிப்படுத்தப்படாததில் வியப்பில்லை.

அணிகளைத் தரப்படுத்துபவர்கள் துறை அறிந்த நிபுணர்கள். அவர்களது நிலையும் ஆராயத்தக்கது. 64 அணிகளைக் கொண்டதாகப் போட்டி விரிவுபடுத்தப்பட்ட 1985 முதல் 2025 வரை 40 சுற்றுப்போட்டிகள் நடைபெற்றுள்ளன. கொவிட் பெருந்தொற்றினால் 2020 இல் போட்டி நடைபெறவில்லை. இந்த 40 இல், முதலாம் தரவரிசை பெற்ற நான்கு அணிகளும் அரையிறுதிக்கு வந்தவை 2008, 2025 ஆகிய இரண்டு மாத்திரமே. அத்தகைய அணி ஒன்றேனும் அரையிறுதிக்கு வராத ஆண்டுகளோ 2006, 2011, 2023 என மூன்று. நான்கும் வந்த 2025 இலும், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 6 புள்ளிகளால் பின்தங்கியிருந்த ஹியூஸ்டன் அணி 70 - 67 என்ற கணக்கில் டியூக் அணியைத் தோற்கடித்தது. 2018 இல் முதலாம் இடத்திலிருந்த வேர்ஜினியா, பதினாறாம் இடத்து அணியொன்றிடம் முதற்சுற்றிலேயே 20 புள்ளிகளால் தோற்றது. அதுவரை அவ்வாறானதொரு தோல்வி ஆடவர் போட்டியில் நிகழ்ந்ததில்லை. அதே வேர்ஜினியா மறு ஆண்டில் 63 - 62 என்று அரையிறுதியை வென்று, பின்னர் சம்பியனாகவும் முடிசூடியது.

நிபுணர்களின் அறியாமையே இதற்குக் காரணம் என எண்ணுவது தவறு. காரணம் எளிய கணிதத்தில் உள்ளது. ஓர் அணிக்கு வெற்றி வாய்ப்பு 70 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டும் என்ற தொடரில் அதன் வாய்ப்பு ஏறத்தாழ 87 வீதமாக உயர்கின்றது. ஒரே ஆட்டத்தில் முடிவு காண்பதாயின் 70 வீதத்துடனேயே அது நிற்கின்றது. இரு அரையிறுதிகளிலும் இவ்வாறு 70 வீத வாய்ப்புள்ள அணிகளையே தெரிவுசெய்தாலும், இரண்டு கணிப்பும் ஒருங்கே சரியாகும் வாய்ப்பு 49 வீதமே. அதாவது, சரியாகச் சிந்தித்த கணிப்பாளரும் பாதிக்கு மேற்பட்ட தடவைகள் ஓரிடத்திலாவது பிழைவிடுவார். இதை உணர்ந்தவர் தமது கணிப்பை அடக்கத்துடனேயே கூறுவார்.

சீகிரியாவின் வரலாறும் இவ்வுண்மையையே உரைக்கின்றது. 5 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிபுரிந்த முதலாம் காசியப்பன் அக்குன்றை அகழியும் மதிலும் சூழ்ந்த அரணாக்கினான். அவனது சகோதரன் முகலன் இந்தியாவிலிருந்து படைதிரட்டி வந்தபோது, அரணை விட்டிறங்கிச் சமவெளியில் போர் புரிந்தான். சதுப்பு நிலமொன்றைக் கண்டு அரசனின் யானை பக்கவாட்டில் திரும்ப, மன்னன் பின்வாங்குகின்றான் என்றெண்ணிப் படை சிதறியதாகவும், தனித்துவிடப்பட்ட காசியப்பன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டதாகவும் சூளவம்சம் கூறுகின்றது. அன்று காலையில் இரு படைகளையும் எண்ணிப் பார்த்த எவரும் யானையின் அந்த ஒரு திருப்பத்தைக் கணக்கில் சேர்த்திருக்க முடியாது.

பணம் சேராதவரை, கணிப்புப் பிழைத்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பணம் வைத்தவர் அவ்வாறு போக முடிவதில்லை. நிச்சயமின்மையே ஆட்டத்தின் சுவை என்றிருந்தவருக்கு அதுவே பகையாகிவிடுகின்றது. முடிவை முன்கூட்டியே உறுதிசெய்ய வழியுண்டா என்று தேடும் தரகர்கள் அங்குதான் தோன்றுகின்றனர். உலகில் பிழைக்காத கணிப்பு ஒன்றேயுண்டு. அது விளையாட்டு வீரரிடம் விலைகொடுத்து வாங்கப்பட்ட கணிப்பாகும்.

இதுவும் கற்பனையன்று. 1950 இல் அமெரிக்காவின் இரு பெரும் கல்லூரிக் கூடைப்பந்தாட்டக் கிண்ணங்களையும் ஒரே ஆண்டில் வென்று புகழ்பெற்றது நியூயோர்க் நகரக் கல்லூரி. மறு ஆண்டே, சூதாடிகளிடம் பணம் பெற்றுப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்துக் கொடுத்த குற்றச்சாட்டில் அதன் வீரர்கள் கைதாகினர். 2018 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க மாநிலங்களுக்கு வழிதிறந்துவிட்டது. 2024 மார்ச்சில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர், தனித்தனி மாணவ வீரர்களின் பெறுபேறுகள் மீது பந்தயம் கட்டுவதைத் தடைசெய்யுமாறு மாநிலங்களைக் கோர வேண்டிய நிலை ஏற்பட்டது. பத்தொன்பது, இருபது வயது மாணவர் ஒருவர் தவறவிடும் ஒரு வீச்சு, முன்பின் அறியாத ஒருவரின் பண இழப்பாகிவிட்டால் அம்மாணவர் சுமக்க வேண்டிய பாரம் எத்தகையது என்பதை ஊகிக்கலாம்.

எமது நாடும் இதற்கு விதிவிலக்கன்று. விளையாட்டுடன் தொடர்புடைய குற்றங்களைத் தடுக்கும் சட்டம் 2019 இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆட்ட நிர்ணயத்துக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் 10 கோடி ரூபா வரை அபராதமும் விதிக்க அது இடமளிக்கின்றது. 2024 மே மாதத்தில், லங்கா பிரிமியர் லீக்கின் தம்புள்ளை அணி உரிமையாளர் ஆட்ட நிர்ணய முயற்சி தொடர்பான குற்றச்சாட்டில் இச்சட்டத்தின் கீழ்க் கைதானதும், அணியின் பெயரே மாற்றப்பட்டதும் நினைவிருக்கலாம். தம்புள்ளையின் பெயர் அவ்வாறு இழுக்குற்று இரண்டு மாதங்கள் சற்றே கடந்த நிலையில் எமது மகளிர் அதே ஊரில் கிண்ணத்தை ஏந்தினர். ஒரே ஊர், ஒரே விளையாட்டு. ஒன்று முடிவை விலைபேச முனைந்ததாகக் கூறப்படும் கதை. மற்றையது முடிவு தெரியாமலேயே இறங்கிப் போராடியவர்களின் கதை.

சூதாட்ட ஒழுங்குறுத்தல் அதிகாரசபையை நிறுவும் சட்டம் 2025 இல் நிறைவேற்றப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் இளைஞனின் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிக்குள் நுழைந்துவிட்ட பந்தயத்தைச் சட்டம் மாத்திரம் தடுத்துவிடும் என நம்புவதற்கில்லை. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் மரபிலிருந்தே வலுப்பெற முடியும். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தருமன் பணயம் வைத்த கதையை எமது கிராமத்துக் கூத்துக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்துள்ளன. திருக்குர்ஆன் மதுவுடன் சேர்த்தே சூதாட்டத்தை விலக்கியுள்ளதுடன், அது மனிதரிடையே பகையை விதைப்பதையும் எச்சரிக்கின்றது. இரு சமூகங்களின் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரே குரலில் பேசக்கூடிய விடயங்களில் இதுவும் ஒன்றாகும்.

ஊடகங்களாகிய எமக்கும் இதில் கடமையுண்டு. எந்த அணி வெல்லும் என்று எழுதும்போது அதற்கான காரணங்களை வாசகர் முன் வைப்பதும், பந்தயக்காரர்களின் விகிதங்களைக் கணிப்பு என்ற பெயரில் பரப்பாதிருப்பதும் அவசியம். பாடசாலைகளில் மாணவர்கள் அரையிறுதி முடிவுகளைக் கணிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. 70 வீதம் என்றால் என்ன, இரு 70 வீதங்கள் சேர்ந்தால் ஏன் 49 ஆகின்றது என்பதைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த கணித பாடம் கிடைப்பது அரிது. அப்பாடத்தை விளங்கிக்கொண்ட மாணவன், எளிதாகப் பணம் பெருகும் என்று ஆசைகாட்டும் விளம்பரத்தையும் சந்தேகத்துடனேயே நோக்குவான்.

அடுத்த சுற்றுப்போட்டியின் அரையிறுதிக்கு முன்னரும் நாம் கணிக்கவே போகின்றோம். கணித்தபடி நடந்தால் மகிழ்வோம். நடவாவிடின், வென்ற அணியை வாழ்த்தி எமது பிழையைப் பார்த்துச் சிரிப்போம். அவ்வாறு சிரிக்க முடியாத இடத்துக்கு எமது பிள்ளைகள் சென்றுவிடாது காப்பது பெரியவர்களாகிய எமது பொறுப்பாகும்.