சுகர் ஓகே... பி.பி எவ்வளவு?

கல்யாணப் பந்தியில் "உனக்கு சுகர் எவ்வளவு?" என்று விசாரிக்காத உறவினர் உண்டா? "ஃபாஸ்ட்டிங் 110-தான்" என்று பெருமையாகச் சொல்லும் பெரியப்பாவிடம், "பி.பி எவ்வளவு பெரியப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார். சிக்கலே அங்கேதான்.

2023-ல் ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் ஆய்வு வெளியானபோது, 'இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு சர்க்கரைநோய்' என்பதுதான் தலைப்புச் செய்தி. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கும் மேல் என்றும் அதே ஆய்வு சொன்னது. மூன்று மடங்கு! உங்க ஃபேமிலி குரூப்புக்கு அது வந்ததா?

இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது தற்செயல் இல்லை பாஸ். கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து விறைக்க வைக்கிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்க, அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம், ஏற்கெனவே புண்பட்ட சுவரையே மறுபடி அடிக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி ஃபெயிலியர் எல்லாவற்றுக்கும் இது ரூட் போட்டுக் கொடுக்கிறது. இதில் கொடுமை, சர்க்கரையால் நரம்பும் கெட்டுப்போனால், மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு நெஞ்சு வலிக்காது. மூச்சு வாங்கும், வியர்க்கும். 'கேஸ் டிரபுள்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

சரி, பி.பி-யைக் குறைத்தால் என்ன லாபம்? பிரிட்டனில் சர்க்கரைநோயாளிகளிடம் நடந்த யு.கே.பி.டி.எஸ் ஆய்வு 1998-லேயே பதில் சொல்லிவிட்டது. ஒரு குழுவுக்குச் சராசரி பி.பி 154/87, இன்னொன்றுக்கு 144/82. வெறும் 10 பாயின்ட்தான் வித்தியாசம். பக்கவாதம் 44 சதவிகிதம் குறைந்தது! சீனாவில் 12,000-க்கும் அதிகமானோரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர இலக்கு வைத்தபோது, 140 என்ற இலக்கைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 21 சதவிகிதம் குறைந்தன. ஆனால், பி.பி ரொம்ப இறங்கி அவதிப்பட்டவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். அதனால், 130/80-க்குக் கீழ் என்பதே பலருக்கும் டாக்டர்கள் வைக்கும் இலக்கு.

"தலைவலியே இல்லை, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பதுதான் நம் வீடுகளில் பிரபலமான வசனம். பெரும்பாலும் பி.பி எந்த அறிகுறியும் காட்டாது. பணம் காரணம் என்றால், தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இரண்டுக்கும் சேர்த்தே வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்கு பி.பி பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். அரசியல் பேச்சை எடுத்துடாதீங்க, ரீடிங் எகிறிடும். அடுத்து உங்க கையிலயும் அந்தப் பட்டையைச் சுத்துங்க.