தோழியா? தரகரா?

கல்யாணத் தரகர் என்றால் கக்கத்தில் குடையும் கையில் சாதகக் கட்டுமாக வருபவர் என்பது பழைய கணக்கு. இன்று நம் வகுப்பறைகளிலேயே தரகர்கள் உண்டு! நாலு நாவல்களைப் படித்துவிட்டு, "இவளுக்கு இவன்தான் பொருத்தம்" என்று முடிவு கட்டும் தோழியரைத்தான் சொல்கிறேன்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவள் ஆங்கில இலக்கியத்தில் இருக்கிறாள். 1815ஆம் ஆண்டின் இறுதியில் ஜேன் ஆஸ்டின் வெளியிட்ட நாவலின் நாயகி எம்மா. செல்வக் குடும்பத்துப் பெண். படிக்க வேண்டிய நூல்களுக்கு அழகாகப் பட்டியல் எழுதுவாள், படித்து முடிக்கமாட்டாள்! அவளுடைய தோழி ஹாரியட்டை ராபர்ட் மார்ட்டின் என்ற உழவன் மணக்கக் கேட்கிறான். ஹாரியட்டுக்கும் அவன்மேல் விருப்பமே. எம்மாவோ அவள் மனத்தைக் கலைத்து, ஊர்ச் சபைப் போதகரோடு முடிச்சுப் போடப் பார்க்கிறாள். போதகரின் கண்ணோ எம்மாவின்மேல்! கண்ணீர் மட்டும் ஹாரியட்டின் பங்கு. கடைசியில் அவள் கைப்பிடித்தது அதே உழவனைத்தான்.

எம்மாவின் தவறு எங்கே தொடங்கியது? உழுது பிழைப்பவனைத் தாழ்வாக எண்ணிய இடத்தில். அந்த நோய் நம்மையும் விடவில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்புகிறவர், நிலக்கோட்டைப் பக்கம் பூ விளைவிக்கிறவர், திண்டுக்கல்லில் பூட்டுக்கு அரம் பிடிக்கிறவர் எல்லாம் "பட்டதாரிப் பெண்ணுக்கு ஆகாது" என்கிறோம். அவர்கள் யார்? நம் தந்தையர், நம் அண்ணன்மார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு பெற்றவரையே இகழச் சொன்னால், அது படிப்பாகுமா?

உழவனைத்தான் மணக்க வேண்டும் என்று நான் கட்டளையிடவில்லை. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரவேண்டும் என்கிறேன்.

நம் சங்கத் தோழியைப் பாருங்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அவள் தலைவிக்கு ஆள் தேடவில்லை. தலைவி தானே தேர்ந்த காதலைச் செவிலித்தாயிடம் துணிந்து எடுத்துரைக்கிறாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர்.

அரசும் இதில் ஒரு பாடம் கற்றிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022இல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. தாலிக்குத் தந்த கை படிப்புக்குத் தந்தது.

தோழியரே! படிப்பைப் பாதியில் நிறுத்தி மணமேடை ஏறச் சொல்லி ஒருத்தியை வீட்டார் நெருக்கும்போது, அவள் மனத்தை அறிந்து, அவள் பக்கம் நின்று, அவள் பெற்றோரிடம் பேசுங்கள். அதுவே இன்றைய அறத்தொடு நிற்றல். மாப்பிள்ளை பார்க்கும் வேலை காத்திருக்கட்டும்!