ஹோட்டல் புள்ளியும் குடும்பக் கணக்கும்

குடும்பத்தார் பலர் ஒன்றுகூடி அயல்நாட்டு நகரமொன்றுக்குப் போய்வரும் வழக்கம் நம்மவரிடையே பெருகிவருகிறது. பாட்டன், பாட்டி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எட்டுப் பேர், ஒன்பது பேர் சேர்ந்து புறப்படுகிறார்கள். இத்தகைய கூட்டத்தில் உத்தியோக நிமித்தம் அடிக்கடி வெளிநாடு போய்வருபவர் ஒருவராவது இருப்பார். ஏதாவதொரு ஹோட்டல் குழுமத்தில் அவர் அங்கத்தவராயிருப்பார். தங்கிய ஒவ்வோர் இரவுக்கும் அக்குழுமம் வழங்கிய புள்ளிகள் அவர் பெயரில் சேர்ந்திருக்கும். "ஹோட்டல் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம், என்னிடம் புள்ளி கிடக்கிறது" என்று அவர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சி பிரயாணம் முடிந்து வீடு திரும்பும்வரை நிலைத்திருக்க வேண்டுமானால் முன்னதாகவே கவனிக்கவேண்டியவை சில உள. அவற்றையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

இப்புள்ளி வழக்கம் அவ்வளவு பழையதன்று. அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமானக் கம்பனி 1981ஆம் ஆண்டில் தன் வாடிக்கையாளருக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஹொலிடே இன், மரியட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்கள் 1983இல் அதனைப் பின்பற்றின. ஹில்டன் 1987இல் சேர்ந்துகொண்டது. ஒருமுறை வந்தவரை மறுமுறையும் தம்மிடமே வரச்செய்தலே இவற்றின் நோக்கம். ஆகவே, புள்ளி என்பது ஹோட்டல்காரர் மனமிரங்கி வழங்கும் தானமன்று. நாம் கொடுத்த வாடகையின் ஒரு பங்கு வேறு வடிவில் திரும்பி வருகிறது. இதனை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

புள்ளியின் பெறுமதி

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் முன்னோர். புள்ளியைச் செலவிடுமுன் அதன் பெறுமதியை அளந்துகொள்ளல் வேண்டும். நம்மவர் விரும்பிச் செல்லும் சிங்கப்பூரையே உதாரணமாகக் கொள்வோம்.

அங்கே ஓர் அறையின் ஒருநாள் வாடகை 200 வெள்ளி என்று விலை குறித்து, பக்கத்தில் இரண்டு கூட்டற்குறிகளை இட்டிருப்பார்கள். (சிங்கப்பூர் டொலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றே வழங்குவர்.) முதற் குறி நூற்றுக்குப் பத்து வீதமான சேவைக் கட்டணம். இரண்டாவது, அதற்கும் மேலே இடப்படும் பொருள் சேவை வரி. இது 2024ஆம் ஆண்டு தொடக்கம் நூற்றுக்கு ஒன்பது வீதம். இரண்டையும் கூட்டினால் 200 வெள்ளி அறை 239 வெள்ளி 80 சதமாகிவிடும். மூன்று அறைகளில் ஐந்து இரவுகள் தங்கினால், 3,000 வெள்ளி என்று எண்ணிச் சென்றவர் 3,597 வெள்ளி கொடுத்துவிட்டு வரவேண்டும்.

அதே அறைக்கு ஓரிரவுக்கு 30,000 புள்ளிகள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புள்ளி கொடுத்துப் பெறும் அறைக்கு இவ்வரியும் சேவைக் கட்டணமும் பெரும்பாலும் புள்ளியிலேயே அடங்கிவிடும். ஆகவே 200ஐ அன்று, 239.80ஐயே 30,000ஆல் வகுக்க வேண்டும். அப்போது ஆயிரம் புள்ளியின் பெறுமதி ஏறக்குறைய 8 வெள்ளி என்று வரும். மரியட் குழுமத்தில் ஒரே ஹோட்டலில் ஐந்து இரவுகளைப் புள்ளியால் எடுத்தால் நான்கு இரவுகளுக்கே புள்ளி கழிப்பார்கள். ஹில்டன் குழுமமோ, வெள்ளித் தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உடைய அங்கத்தவருக்கு இச்சலுகையைத் தருகிறது. இவ்வாறு 1,199 வெள்ளி பெறுமதியான ஐந்து இரவுகள் 120,000 புள்ளிக்குக் கிடைத்தால், ஆயிரம் புள்ளி 10 வெள்ளியாக உயர்கிறது. ஆயினும், நான்கு நாள் போதும் என்றிருந்தவர்கள் இதற்காகவே ஐந்தாம் நாளும் தங்குவதாயின், ஒன்பது பேரின் ஒருநாட் சாப்பாட்டுச் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கோர் குழுமம் போன்றவை 2,000 புள்ளிக்கு 40 யூரோ என்று நிலையான பெறுமதி வைத்திருக்கின்றன. மரியட் குழுமமோ 2022ஆம் ஆண்டில் தன் பழைய புள்ளி அட்டவணையைக் கைவிட்டது. அன்று முதல், நாளுக்கு நாள், ஹோட்டலுக்கு ஹோட்டல் புள்ளித் தொகை மாறுகிறது. டிசெம்பர் விடுமுறையிலும், சீனப் புத்தாண்டுக் காலத்திலும், சிங்கப்பூர் வீதிகளில் இரவு நேர மோட்டார்ப் பந்தயம் நடைபெறும் வாரத்திலும் அறைகளின் விலையைப் போலவே புள்ளியும் ஏறிவிடும். ஒரு வாரம் முன்பின்னாகப் புறப்பட்டால் பெருந்தொகை மிச்சமாகலாம்.

புள்ளி வங்கியில் இட்ட பணம் போன்றதுமன்று. அதற்கு வட்டி இல்லை. மரியட், ஹில்டன் குழுமங்களில் 24 மாதங்கள் கணக்கில் எவ்வித நடமாட்டமும் இல்லாவிட்டால் சேர்ந்த புள்ளி அத்தனையும் அற்றுப்போகும். ஆகவே, மகளின் கலியாணத்துக்கென்று நகையைச் சேர்ப்பதுபோல் புள்ளியைச் சேர்த்து வைத்தல் புத்தியன்று.

இடம்

பெறுமதியை அறிந்தபின் ஹோட்டலைத் தெரிவுசெய்தல் வேண்டும். இங்கேதான் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். எங்கே தம் புள்ளி செல்லுமோ அங்கே அறையை எடுத்துவிட்டு, பின்னர் போகவேண்டிய இடங்களைத் தேடுகிறார்கள். முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, நம்மோடு வருபவர் யார், அவர் எங்கே போக விரும்புகிறார் என்பதே.

முதியவர்கள் உடன் வருகிறார்களாயின், அவர்களில் பலருக்குச் சிங்கப்பூர் கடைத்தெரு மாத்திரமன்று. தந்தையோ பாட்டனோ மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் பெற்ற குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ உள. அத்தகையோர் தரிசிக்க விரும்பும் செண்பக விநாயகர் ஆலயம் கடோங் பகுதியிற் சிலோன் றோட்டில் இருக்கிறது. சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கமே அதனைப் பரிபாலித்து வருகிறது. கடோங்கில் ஹொலிடே இன் எக்ஸ்பிரஸ் ஹோட்டல் ஒன்று 2016 முதல் நடைபெறுகிறது. அவ்வகை ஹோட்டல்களில் காலை உணவும் வாடகையில் அடங்கும். ஒன்பது பேருக்கு இது சிறிய காரியமன்று. 2024இல் மரின் பரேட் ரயில் நிலையம் திறக்கப்பட்டதன் பின், அப்பகுதியிலிருந்து கரையோரப் பூங்காவுக்கும் ஓர்ச்சர்ட் கடைவீதிக்கும் இடையில் மாறாமல் ஒரே ரயிலிற் போகலாம்.

சைவ உணவே வேண்டும், மாலையிற் கோயிலுக்கு நடந்தே போகவேண்டும் என்பவர்களுக்குச் சிராங்கூன் வீதியை அடுத்த பகுதி பொருந்தும். 1947 முதல் நடைபெற்றுவரும் கோமள விலாஸ், தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் ஆலயம் ஆகியவை எல்லாம் அங்கே ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. ரயில் நிலையமும் உண்டு. பிள்ளைகளும் இளைஞரும் மாத்திரம் போவதாயின் ஓர்ச்சர்ட் வீதி நன்றே.

நாமறிந்த ஒரு குடும்பத்தார் இவற்றையெல்லாம் எண்ணாமல், தம்பியாரின் புள்ளி செல்லுமிடம் என்ற ஒரே காரணத்துக்காக நகரின் மறுகோடியில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகள் எடுத்தனர். நாள்தோறும் காலையும் மாலையும் ஒன்பது பேர் இரண்டு டாக்சிகளில் ஓடவேண்டியதாயிற்று. டாக்சிச் செலவு முழுவதும் அண்ணாவின் தலையில் விழுந்தது. தாயார் முழங்கால் வலியால் இரண்டு நாட்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. திரும்பும்போது விமான நிலையத்தில், "எல்லோரும் என் புள்ளியிற் சும்மா இருந்துவிட்டுத்தானே வருகிறீர்கள்" என்று தம்பியார் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல், அண்ணன் தம்பி இருவரும் நெடுங்காலம் முகங்கொடுத்துப் பேசாதிருக்கக் காரணமாயிற்று. ஹோட்டல் நல்லதுதான்; புள்ளிகளிலும் பிழையில்லை. பேசவேண்டியதை முன்னர்ப் பேசாததே பிழை.

அறை

அறைகளின் தொகையைத் தலைகளை எண்ணியே தீர்மானித்தல் வேண்டும். நகரத்து ஹோட்டல்களில் அறைகள் சிறியவை; பலவற்றில் இருவருக்கே இடமுண்டு, சிலவற்றில் மூவருக்கு. பிள்ளைகளைக் கணக்கிற் காட்டாமல் அழைத்துச்சென்று, பின்னர் வரவேற்பு மேசையில் நின்று வாதாடுதல் பெற்றோருக்கும் மதிப்பன்று. பிள்ளைகளுக்கும் நல்ல பாடமன்று. வீடொன்றை வாடகைக்கு எடுத்து எல்லோரும் ஒன்றாக இருக்கலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு வாடகைக்கு விடுதல் சட்டவிரோதமானது. ஆதலால் அந்த யோசனையை அங்கே விட்டுவிடுதலே நன்று.

புள்ளிக்கு ஹோட்டல்கள் ஒதுக்குவன பெரும்பாலும் சாதாரண அறைகளே; அவையும் சிலவே. மூன்று அறை வேண்டிய இடத்தில் ஒன்றே கிடைக்கலாம். மேலும், அங்கத்தவருக்குரிய இலவசக் காலை உணவு முதலிய சலுகைகள் பெரும்பாலும் அவர் தங்கும் அறைக்கே உரியன; அடுத்த அறையிலுள்ள மாமனார் மாமியாருக்கு அவை கிடையா. மூத்தவர்கள் கீழே பணங்கொடுத்து உண்ண, மருமகன் மேல்மாடியில் விருந்துண்ணும் நிலைமை அழகாயிராது. கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால், இடையிலே உட்கதவுள்ள இரு அறைகளைக் கேட்டுப் பெறுதல் நல்லது. ஹில்டன் குழுமம் 2021 முதல் இத்தகைய அறைகளைப் பதிவு செய்யும்போதே உறுதிப்படுத்தும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. மற்ற இடங்களில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள்.

புள்ளியால் எடுத்த அறைக்கு ஒரு நன்மையும் உண்டு. குறித்த தவணைக்கு முன் இரத்துச் செய்தால் புள்ளி முழுவதும் கணக்குக்குத் திரும்பும். மலிவு விலைக்கு முற்பணம் கட்டிய அறைக்கு அந்நன்மை பெரும்பாலும் இல்லை. ஒன்பது பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம்; ஒருவருக்கு லீவு கிடையாமற் போகலாம். ஆகவே, வருவது நிச்சயமில்லாதவருக்குப் புள்ளியாலும், நிச்சயமானவருக்குப் பணத்தாலும் அறை எடுத்தல் விவேகம்.

கணக்கு

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறோம். "தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு" என்பது பழமொழி. புள்ளியோ ஒருவருடையது, தங்குபவரோ பலர். இதனை எவ்வாறு நேர்செய்வது? எமக்குத் தெரிந்த வழிகள் மூன்று.

முதலாவது, கொடையாகக் கொடுத்துவிடல். புள்ளிக்குரியவர் புறப்படுமுன்னே, "இது என் அன்பளிப்பு" என்று எல்லோரறியச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் அவர் அதைப்பற்றி வாய்திறத்தலாகாது. பெறுபவரும் தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது.

இரண்டாவது, பொதுப்பணத்திற் சேர்த்தல். மேலே காட்டிய முறைப்படி ஆயிரம் புள்ளி இத்தனை வெள்ளி என்று தீர்மானித்து, அவ்வளவு பணத்தை அவர் பொதுச் செலவுக்குக் கொடுத்ததாக எழுதிக்கொள்ளலாம். மற்றவர்கள் விமானச் சீட்டிலோ சாப்பாட்டிலோ தம் பங்கை ஈடுசெய்யலாம்.

மூன்றாவது, அவரவர் அறை அவரவர் பொறுப்பு. புள்ளியுள்ளவர் தம் அறைக்குப் புள்ளி கொடுப்பார். மற்றவர் பணம் கொடுப்பர். இதிலே தன்னலம் எதுவுமில்லை. ஆனால், அப்போது தம் புள்ளி செல்லும் ஹோட்டலுக்கே எல்லோரும் வரவேண்டும் என்று அவர் வற்புறுத்தல் நியாயமன்று.

மூன்றில் எதுவும் தகும். கொடை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மனத்துக்குள்ளே கணக்கு வைத்திருப்பதே தகாது. பணக்கடன் கொடுத்தவர் தொகையை அறிவார்; வாங்கியவரும் அறிவார். பேசாத புள்ளிக்கடனுக்குத் தொகையுமில்லை, தவணையுமில்லை. அதனாலேயே அது தீராத கடனாகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடல் சரியன்று. இப்புள்ளிகள் எவ்வாறு சேர்ந்தன? குடும்பத் தலைவர் வீட்டை விட்டு அந்நிய ஊர்களிலே தனியே கழித்த இரவுகளே புள்ளிகளாயின. அவ்விரவுகளில் காய்ச்சலிற் கிடந்த பிள்ளைக்கு அருகே விழித்திருந்தவள் மனைவி. வாயிற் கதவைப் பூட்டிவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லித் துயிலவைத்தவள் பாட்டி. அட்டையில் ஒருவர் பெயர் இருக்கலாம். உழைப்பிலோ பலருக்குப் பங்குண்டு. எனவே, எந்த ஹோட்டல் என்று தீர்மானிக்கும்போது கணினிக்கு முன்னே அவர் மாத்திரம் இருத்தல் போதாது. மனைவியையும் தாயாரையும் அருகே இருத்தி, அவர்கள் விருப்பத்தைக் கேட்டபின் பொத்தானை அழுத்துக.

முதலில் ஆள், அடுத்து இடம், அதன்பின் அறை, கடைசியிலேதான் புள்ளி. இவ்வொழுங்கில் யோசிப்பவருக்குப் புள்ளி நல்ல ஊழியம் செய்யும். முடிவானவற்றை ஒரு கடதாசியில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். அதற்கு அரைமணி நேரம் போதும். அதனாற் காக்கப்படுவது உடன்பிறந்தாரின் உறவு.

அடுத்த வாரம், முதியவர்களை நீண்ட விமானப் பிரயாணத்துக்கு ஆயத்தஞ் செய்யும் முறையைப் பற்றி எழுதுவோம்.