மழைக்கு எதிரி நாடு ஏது?

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணிவாக்கில் மும்பையில் மின்சாரம் போயிற்று. லோக்கல் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. கொரோனாக் காலத்திலும் வேலைக்குப் போன நம்மவர்கள் தண்டவாளத்தில் இறங்கி நடந்தார்கள்.

2021 மார்ச் தொடக்கத்தில், அது கணினி வழி நாசவேலையாக இருக்கலாம் என்றார் அன்றைய மாநில உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக். மனிதத் தவறுதான், நாசவேலைக்குச் சான்றில்லை என்றார் அன்றைய மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே.சிங். ஒரு இருட்டு, இரண்டு பதில்!

அதே மார்ச் 12இல் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நாட்டுத் தலைவர்கள் 'குவாட்' என்ற பெயரில் முதன்முதலாகக் கூடினர். பருவநிலைக்கு ஒரு குழு, புதிய தொழில்நுட்பத்துக்கு ஒரு குழு என்று அமைத்தனர். 2022 மே மாதம் டோக்கியோவில் இணையப் பாதுகாப்புக்கும் கூட்டு முயற்சி அறிவித்தனர். குவாட் ராணுவக் கூட்டணி அல்ல என்கிறார்கள். ஆனால் 2020 'மலபார்' கடற்படைப் பயிற்சியில் சேர்ந்து நின்றவை இதே நான்கு நாடுகள்தாம். அசல் ராணுவக் கூட்டணியான நேட்டோவோ, கணினித் தாக்குதலும் படையெடுப்புக்குச் சமமாகலாம் என்று 2014லேயே முடிவு செய்தது. 2021இல் பருவநிலைக்கும் செயல்திட்டம் வகுத்தது.

எடுத்த எடுப்பில் நாம் இதை எதிர்க்கவில்லை. குவாட்டின் வேரே 2004 சுனாமியில்தான் இருக்கிறது. நாகையிலும் கடலூரிலும் நம் சொந்தங்களைக் கடல் கொண்டுபோன நாட்களில் இந்த நான்கு நாடுகளும் நிவாரணத்துக்குக் கைகோத்தன. நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவி கொண்டு சென்றன. கப்பல் குண்டையும் சுமக்கும், குடிநீரையும் சுமக்கும்.

ஆனால் ராணுவக் கூட்டணிக்கு எதிரி ஒருவன் வேண்டும். கணினித் தாக்குதலில் எதிரி முகம் காட்டுவதில்லை. மழைக்கோ எதிரி நாடே கிடையாது. 2005 ஜூலை 26இல் சாந்தாக்ரூசில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, யார் மீது போர் தொடுப்பது? 2021 ஜூலையில் நம் செம்பூர் பாரத் நகரில் மழையில் சுவர் இடிந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது போர்க்கப்பலா? பாதுகாப்பான வீடும் நேரத்தில் ஓர் எச்சரிக்கையும் அல்லவா!

புகை கக்குவதில் படைகளும் சளைத்தவை அல்ல. ஆனாலும் 2015 பாரிஸ் உடன்பாடு ராணுவப் புகைக்குக் கணக்குக் காட்டுவதைக் கட்டாயமாக்கவில்லை. உபதேசம் ஊருக்கு மட்டும்தானா?

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது மூன்று. 2020 மின்தடையின் முழு உண்மையை மக்கள் மொழியில் வெளியிடுங்கள். டோக்கியோவில் பேசிய பாதுகாப்பு, சிக்னல் கேபினில் வேலை செய்பவனுக்கும் பயிற்சியாக வந்து சேரட்டும். மழை எச்சரிக்கை ஒவ்வொரு சாலுக்கும் மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் வரட்டும்.

குர்லாவில் தண்ணீர் ஏறினால் நம் ஹார்பர் பாதை முடங்குகிறது, அன்றாடக் கூலிக்காரன் வீட்டில் அடுப்பும் அணைகிறது. நமக்கு நாட்டின் பாதுகாப்பு என்பது அந்த அடுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த மழைக்கு முன் வார்டு ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போடக் குடும்பத்தோடு வாருங்கள்!