அடியாத மாடு படியாது... அது குதிரைக்குச் செல்லாதுங்க!

போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார். "ஏன் தம்பி, குட்டி வாங்கி எட்டு மாசம் ஆச்சு. இன்னுமா கயித்தைப் புடிச்சு நடத்திக்கிட்டே இருக்கீங்க? நாலு சாத்து சாத்தி வண்டியில பூட்ட வேண்டியதுதானே? அடியாத மாடு படியாதுங்க." கடையே சிரிச்சுது. அங்கே எனக்குப் பதில் வரலை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல வயசுக் கணக்கு. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில வாங்கின குட்டி அவ. அன்னைக்கு வாயைத் திறந்து பார்த்தப்ப முன்வரிசையில அத்தனையும் பால்பல். நடுவுல இருக்கற ரெண்டு பல் விழுந்து முளைக்கறது சுமார் 2½ வயசுல. அந்த ரெண்டு பல் இப்பதான் மாறியிருக்கு. முன்னங்கால் முட்டிக்கு மேல எலும்பு கெட்டிப்படவே ரெண்டு, ரெண்டரை வயசு தாண்டணும். முதுகெலும்பு முழுசா முத்த 5 வயசுக்கு மேல ஆகும். ஆளைப் பார்த்தா பெரிய குதிரை மாதிரி இருப்பா, உள்ளே இன்னும் குழந்தைதான். மேய்ச்சல்ல தானா ஓடி விளையாடட்டும், எலும்புக்கு நல்லது. பாரம் இழுக்கறது வேற விஷயம்.

அடுத்தது அடி. குதிரை வேட்டையாடற மிருகம் இல்லைங்க, வேட்டையாடப்படற மிருகம். பயந்தா அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி ஓட்டம். அதை அடிச்சா நீங்க சொல்றதைக் கத்துக்காது, நீங்கதான் புலின்னு கத்துக்கும். அவ்ளோதான். கயித்தை லேசா இழுங்க. ஒரு அடி எடுத்து வச்ச அந்த நொடியே தளர்த்துங்க. பாடம் இழுத்ததுல இல்லை, விட்டதுல இருக்கு. கோபத்தோட குதிரைகிட்ட போகாதேன்னு கிரேக்கத்து செனஃபோன் 2300 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சுட்டுப் போயிட்டார். நம்மாளுங்க இன்னும் சவுக்குல எண்ணெய் தடவிக்கிட்டு இருக்காங்க.

"வெறும் நடை"ன்னு சிரிச்சீங்களே, அதுல என்ன நடக்குதுன்னு கேளுங்க. காலையில இருபது நிமிஷம். நான் நடந்தா நடக்கணும், நின்னா நிக்கணும். மார்புல விரல் வச்சா ரெண்டு அடி பின்னாடி போகணும். இடுப்புப் பக்கம் கை காட்டினா பின்னங்காலை நகர்த்தணும். அப்புறம் நாலு காலையும் தூக்கிக் காட்டணும். குளம்பை தினமும் சுரண்டிச் சுத்தம் பண்ணலைன்னா மழைக்காலத்துல அழுகி நாறும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவணும். கால் தூக்கப் பழகாத குதிரைக்கு எந்த லாடக்காரர் வருவார்?

தீனியிலும் இதே அவசரம். தெம்பு வரணும்னு கொள்ளை மட்டும் குவிக்கறாங்க. குதிரை வயித்துல அமிலம் எந்நேரமும் சுரந்துக்கிட்டே இருக்கும். புல்லு இல்லாம வெறும் வயிறா நின்னா புண்ணாயிடும். அதால வாந்தி எடுக்கவும் முடியாது. வயித்துவலி வந்தா உயிருக்கே ஆபத்து. புல்லுதான் சோறு, கொள்ளு தொட்டுக்கிற மாதிரி.

இவ்வளவு வியாக்கியானம் பேசற நான் யோக்கியனா? இல்லைங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி மாமாவும் நானும் ஒரு குட்டி வச்சிருந்தோம். ரெண்டு வயசுலயே வண்டியில பூட்டினோம். சவுக்கு என் கையிலதான் இருந்துச்சு. ஊரே பாராட்டுச்சு. அஞ்சு வயசுல முன்னங்கால் நொண்ட ஆரம்பிச்சுது. "வித்துடலாம் மாப்ள"ன்னார் மாமா. வந்த விலைக்குத் தள்ளிட்டோம். டெம்போவுல ஏத்தினப்ப திரும்பி என்னைப் பார்த்துச்சு. அதுக்கப்புறம் என்னாச்சுன்னு நான் விசாரிக்கவே இல்லை, தைரியம் இல்லாமத்தான். அன்னைக்கு எந்த டீக்கடையிலயும் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கலை.

போன வாரம் ரோட்டுல ஒரு பஸ்ஸு காதுகிட்ட ஹாரன் அடிச்சான். இவ துள்ளினா. கயித்தை நான் இழுக்கலை. ரெண்டு அடி தள்ளிப் போய் நின்னு என் மூஞ்சியைப் பார்த்தா. நான் சும்மா நின்னேன், அவளும் நின்னா. எட்டு மாச நடைக்குக் கூலி அதாங்க.

குப்புறத் தள்ளின குதிரை குழியும் பறிச்சுதாம்னு பழமொழி சொல்லுவாங்க. நான் பார்த்த வரைக்கும் குழி பறிச்சவன் மனுஷன்தான்.

டிஸ்கி: டீக்கடைப் பெரியவருக்கு... நாலு வயசு முடியட்டுங்க. காலி வண்டியில ஆரம்பிப்பேன். முதல் நாள் உங்களைத்தான் கூப்பிடுவேன், வந்து பாருங்க :-)